இருநூறு அடியில் என் ஷெட்

எங்கள் வீட்டுப் பெண் விமானம் ஓட்டுகிறாள் என்று சொன்னால் சூலூர்ப் பக்கத்தில் யாரும் ஒரே தடவையில் ஏற்றுக்கொள்வதில்லை. ஏர்ஃபோர்ஸிலா என்று கேட்பார்கள். இல்லை, பயணிகள் விமானம் என்றால், ஏர்ஹோஸ்டஸா என்பார்கள். அதுவும் இல்லை, முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவளே அவள்தான் என்று விளக்கி முடித்ததும், கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உங்களுக்கு டிக்கெட்டு சும்மாவுங்களா?" என்பார்கள். ஒன்பது வருடமாக இந்தப் பேச்சு ஒரு வரி மாறாமல் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், அது ஊருக்கே தெரியும்.

என் பெயர் பாலகோபால். நீலாம்பூருக்குப் பின்னால் இருபத்து நான்கு விசைத்தறி ஓடுகிற ஷெட் வைத்திருக்கிறேன். கூரை நீலத் தகடு. கோயமுத்தூர் விமான நிலையத்தின் சுவர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பைலட் என் அக்கா மகள், பெயர் லோகப்பிரியா, எங்களுக்கு லோகு. வயது முப்பத்து மூன்று. எழுபது பேர் ஏறுகிற, இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற விமானத்துக்கு இரண்டு வருடமாகக் கேப்டன்.

சின்ன வயதிலேயே வானத்தைப் பார்த்துக் கனவு கண்டாள் என்றெல்லாம் நான் கதை விடப்போவதில்லை. இன்ஜினியரிங் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், அந்த வேலை பிடிக்கவில்லை, பைலட் ஆகிறேன் என்று வந்து நின்றாள். என் அக்கா பழனியாத்தாள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மச்சான் சாப்பிட்டார், ஆனால் பேசவில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சத்தம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. லோகு முடிவெடுத்துவிட்டால் எடுத்ததுதான். அதைவிட முக்கியம், எந்த இடத்தில் கைவிடுவது என்பதையும் முதலிலேயே முடிவெடுத்துவிடுவாள். "ரெண்டு வருசமுங் மாமா. அதுக்குள்ள லைசென்ஸ் கைக்கு வல்லீன்னா திரும்பி வந்து பழைய வேலைக்கே போயர்றேன்" என்றாள். ஒரு வருடம் பத்து மாதத்தில் வந்துவிட்டது.

இந்தக் குணம் கூட இருப்பவனை என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்ல வேண்டும். நான் வருடா வருடம் ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போவேன், குதிரை பார்க்க. வாங்கியதே இல்லை. ஒரு வருடம் லீவில் வந்திருந்த லோகு நானே கார் ஓட்டுகிறேன் என்றாள். பவானி தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. லோகு வலது பக்கம் ஏறுவாள், பாதி தூரம் போவாள், அப்புறம் ஒன்றும் ஆகாத மாதிரி பின்வாங்கிப் பழையபடி லாரிக்குப் பின்னால் வந்து சேருவாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே எங்களைத் திட்டினான்.

"ஏன் அம்மணி, ரோடு காலியாத்தான கெடக்குது. இன்னொரு முக்கு முக்கினா தாண்டிப்போடலாமல்ல?"

"அந்தப் பாலத்துக்குள்ள லாரியத் தாண்டலீன்னா பின்வாங்கறதுன்னு ஏறும்போதே முடிவு பண்ணிக்கிட்டனுங் மாமா. பாலம் வந்துருச்சு, தாண்டல. அவ்வளவுதான்."

"கொஞ்சம் முன்னப்பின்ன ஆனா என்ன?"

"ஏறுன பொறவு யோசிச்சா தாண்டறதுக்குத்தானுங் மாமா மனசு காரணம் தேடும்."

இந்த வேகத்தில் போனால் சந்தையில் இருக்கிற குதிரையெல்லாம் கிழடாகிவிடும் என்றேன். சிரித்தாள். நாலாவது தடவை அடுத்த பாலத்துக்கு முன்பே தாண்டிவிட்டாள். நான் மட்டும் அந்தியூர் போகும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

விமானத்திலும் இதே கணக்குதான் என்று அவள் அன்றைக்குச் சந்தையில் டீ குடித்துக்கொண்டே சொன்னாள். பனியோ மேகமோ மறைத்து, வெளியே ஒன்றும் தெரியாதபோது, தரையிலிருந்து வருகிற ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து இறங்குவார்களாம். ஆனால் கடைசிவரை அல்ல. தரைக்கு ஏறக்குறைய இருநூறு அடி மேலே ஒரு கோடு. அங்கே வந்ததும் விமானமே 'மினிமம்ஸ்' என்று குரல் கொடுக்கும். அந்த நொடியில் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓடுபாதை, இல்லாவிட்டால் அதன் விளக்குகள் தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் உடனே மேலே தூக்க வேண்டும். இன்னும் பத்தடி போய்ப் பார்க்கலாம் என்பது கிடையாது. கேட்டுவிட்டு, "இதென்னடா பெரிய வித்தை, தெரிஞ்சா எறங்கு, தெரியலீன்னா எறங்காத" என்றேன். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாங் மாமா, அவ்வளவேதான்" என்றாள்.

இப்போது போன தை மாதத்துக்கு வருகிறேன். லோகுவின் தம்பி கவினுக்குக் கல்யாணம். அவளுக்கு ஒரே தம்பி. வியாழக்கிழமை விடியற்காலை முகூர்த்தம். புதன்கிழமை காலை சூலூர் மண்டபத்தில் இணைச்சீர்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் நடக்கிற சீர்களில் இதுதான் பெரிது. மாப்பிள்ளையின் பக்கத்தில் அவனோடு கூடப்பிறந்தவள் கூரைச்சேலை கட்டி வந்து நிற்பாள். சேலையின் முனையை அவன் கையில் கொடுத்து, அண்ணன் தங்கை, அக்கா தம்பி உறவு இந்தக் கல்யாணத்தோடு அறுந்துபோகாது என்று ஊரறிய நிறுத்துவார்கள். சீர் செய்துவைக்கிற உரிமை பெற்ற பெரியவரான அருமைக்காரர்தான் நடத்திவைப்பார். கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். இருக்கிற வீட்டில் அவள்தான் நிற்க வேண்டும். கவின் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே, "என்ற கல்யாணத்தன்னைக்கு நீ பாட்டுக்கு எங்கியாச்சும் பறந்துட்டிருக்காத" என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். அப்போது அவள் பைலட்கூட இல்லை, சும்மா ஊர் சுற்றுகிறவள்.

லோகு ஒரு வருடத்துக்கு முன்பே லீவு சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை இரவு வர வேண்டியவள். கூட வேலை செய்யும் ஒருவருக்குக் காய்ச்சல். புதன் காலை சென்னையிலிருந்து கோயமுத்தூர் வரும் விமானத்தை மட்டும் ஓட்டிவந்து கொடுத்துவிட்டால், அங்கிருந்து வேறு ஆள் எடுத்துக்கொள்வார் என்றார்கள். ஏழு இருபதுக்கு இறங்கலாம். சீர் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால்வரை. விமான நிலையத்திலிருந்து மண்டபம் அரை மணி நேரம். ஒத்துக்கொண்டாள்.

நானும் அந்த வாரம் ஒரு துணி வியாபாரியைப் பார்க்கச் சென்னை போயிருந்தேன். மருமகள் ஓட்டுகிற விமானத்தில் ஊர் திரும்புவது என்றால் லேசான காரியமா. மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். பக்கத்து சீட்டில் உக்கடத்துக்காரர் சாஜிதா பேகம் என்று ஒரு அம்மா, மகள் வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். விமானம் கிளம்புவதற்குள் அவருக்கும், முன் வரிசைக்கும், பின் வரிசைக்கும் கேப்டன் என் அக்கா மகள் என்பதைத் தெரிவித்துவிட்டேன். பின் வரிசைக்காரர், "அப்ப உங்களுக்கு டிக்கெட்டு சும்மாவுங்களா?" என்று கேட்டார்.

ஏழு மணிக்கு விடிந்துவிட்டது. மேலே நல்ல வெயில். கீழே மட்டும் பனி, பால் பொங்கி அப்படியே நின்ற மாதிரி. விமானம் அதற்குள் இறங்கியது. ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. சக்கரம் இறங்குகிற சத்தம் கேட்டது. நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். திடீரென்று இன்ஜின் உறுமியது, முதுகு சீட்டில் அழுந்தியது, விமானம் மேலே ஏறிவிட்டது. வெயில் வந்தது. எங்கோ ஒரு குழந்தை அழுதது.

கொஞ்ச நேரம் கழித்து லோகுவின் குரல். முதலில் இங்கிலீஷ், பிறகு தமிழ். "ஓடுபாதை தெரியாததால் மேலே வந்திருக்கிறோம். இது வழக்கமான நடைமுறைதான். இன்னும் ஒரு முறை முயற்சி செய்வோம். அப்போதும் தெரியாவிட்டால் கொச்சிக்குப் போவோம்." வீட்டில் அவள் இப்படி அச்சுத் தமிழ் பேசிக் கேட்டதே இல்லை.

கொச்சியா. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழரை. கொச்சிக்குப் போனால் சீர் போயிற்று.

இரண்டாவது தடவை இறங்கும்போது நான் ஜன்னலிலேயே நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டேன். வெள்ளை, வெள்ளை, ஒரே வெள்ளை. அப்போது கீழே ஒரு பொத்தல் விழுந்தது. அதற்குள் ஒரு நீலத் தகட்டுக் கூரை, அதன் மேல் இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. என் ஷெட். பன்னிரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற ஷெட். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சோளக்காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையச் சுவர், பார்க்காமலே சொல்வேன். இறங்கிவிட்டோம் என்று சாஜிதா பேகத்திடம் சொல்லிக்கூட விட்டேன்.

இன்ஜின் மறுபடியும் உறுமியது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. "என்ற ஷெட்டுங்க அது. எங்கூட்டு ஷெட்டு. சுவரத் தாண்டுனா ரன்வே. எறங்கறத உட்டுப்போட்டு எங்க போவுது இந்தப் புள்ள?" என்று விமானம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். ஏர்ஹோஸ்டஸ் உட்காரச் சொன்னார். சாஜிதா பேகம் என் கையைத் தட்டி, "புள்ளைய வையாதீங்க. எழுவது பேத்த வெச்சுக்கிட்டு அது எவ்வளவு யோசிக்குமோ" என்றார். நான் அவரையும் முறைத்தேன்.

எட்டரைக்குக் கொச்சியில் இறங்கினோம். அங்கே வெயில் சுள்ளென்று அடித்தது. யாரும் கீழே இறங்க வேண்டாம், கோயமுத்தூரில் பனி விலகினதும் கிளம்பலாம் என்றார்கள். விமானத்தின் சக்கரம் நின்றதும் நான் செய்த முதல் காரியம், எங்கள் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டதுதான். நூற்று எண்பது பேர் இருக்கிற குரூப். "என்ற ஷெட்ட என்ற ரெண்டு கண்ணுல பாத்தேன். ரெண்டு டேங்கும் பளிச்சுன்னு தெரியுது. அங்கிருந்து ரன்வே எத்தன தூரம், நீங்களே சொல்லுங்க. எறங்காம தூக்கிட்டு வந்துருச்சு நம்ம கேப்டனம்மா" என்று ஒரு நிமிடம் இருபது நொடி பேசியிருந்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

லோகு முன்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டாள், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசியாக என்னிடம் வந்தாள். கூடவே துணை பைலட் முஜீப், போத்தனூர்ப் பையன், தண்ணீர் பாட்டிலோடு நின்றான். மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அம்மணி, உங்கம்மாவுக்குப் போனப் போடு. பத்தே காலுக்கு மேல ஒரு அரை மணி நேரம் தள்ளி வெக்கச் சொல்லலாம். அருமைக்காரர் காளிச்சாமி நமக்கு வேண்டியவர்தான், நான் பேசறேன்."

"வேண்டாமுங் மாமா."

"ஒரே தம்பி. நீதான நிக்கோணும்?"

"ஒம்பது மணிக்குள்ள இங்கிருந்து கெளம்பலீன்னா பூஜிதா நிக்கட்டும்னு எறங்கும்போதே முடிவு பண்ணிட்டேன். பனி வெலகுனதா இன்னும் சேதி வல்ல." போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள். "அம்மா, பூஜிதாவுக்குக் கூரைச்சேலை கட்டி விட்ருங்க. நான் வரதுக்கு லேட்டாயிரும். காத்திருக்க வேண்டாம்" என்றாள். அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னாளோ தெரியாது. லோகு, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று நாலு தடவை சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பிறகு திரும்பி ஓட்டுகிற அறைக்குள் போய்விட்டாள். பூஜிதா லோகுவின் சித்தப்பா மகள், கல்லூரியில் படிக்கிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா முஜீப், நீயாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா? ஷெட்டு தெரிஞ்சுதல்ல?" என்றேன்.

"மேடம் 'எனி லைட்ஸ்?'னு கேட்டாங்க சார். நான் 'நத்திங்'னு சொன்னேன். நெசமாவே ஒண்ணும் தெரியல" என்றான் முஜீப். "அந்த எடத்துல நீங்களா இருந்தாலும் பொய் சொல்ல மாட்டீங்கல்ல சார்?"

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்று பட்டது.

ஒன்பதே முக்காலுக்குச் சேதி வந்தது, பத்துக்குக் கிளம்பினோம். கோயமுத்தூரின் மேல் வந்தபோது பனியின் தடமே இல்லை. அவிநாசி ரோடும், பைபாஸும், தென்னந்தோப்பும் கழுவிவிட்ட மாதிரி கிடந்தன. நான் மறுபடியும் ஜன்னலில் நெற்றியை வைத்தேன். இந்தத் தடவை சாஜிதா பேகத்துக்கு ஷெட்டைக் காட்டிவிட வேண்டும் என்று வைராக்கியம்.

நீலத் தகடு தெரிந்தது. மேலே இரண்டு கறுப்புத் தொட்டி. "பாருங்க, இதா, இதுதான் என்ற ஷெட்டு" என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். விமானம் இறங்கவில்லை. இன்னும் போய்க்கொண்டே இருந்தது. கீழே ஒரு பள்ளிக்கூடம் போனது, மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நாலுவழிச் சாலை போனது. ஒரு ஆஸ்பத்திரி போனது. வீடுகள், வீடுகள். அதற்குப் பிறகு இன்னொரு நீலத் தகட்டு ஷெட் வந்தது. அதன் மேல் ஒரே ஒரு தொட்டி.

அது என் ஷெட். இரண்டாவது தொட்டியைப் போன ஆடியில் நானே நின்று கழற்றிப் புது வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆறு மாதமாக அங்கே ஒரு தொட்டிதான். முதலில் பார்த்தது, என்னைப் போலத் தறி ஓட்டுகிற கிருபாசங்கரின் ஷெட். என்னைப் பார்த்துத்தான் அவனும் நீலத் தகடு போட்டான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவன் ஷெட்டிலிருந்து ஓடுபாதை மூன்று கிலோமீட்டர் இருக்கும்.

சக்கரம் பூப்போலத் தரையைத் தொட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். "உங்க ஷெட்டு நல்லா பெருசா இருக்குங்க" என்றார் சாஜிதா பேகம். நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவதில் மும்முரமானேன்.

மண்டபத்துக்கு என் காரில்தான் போனோம். லோகு சீருடையோடேயே முன்சீட்டில் உட்கார்ந்தாள். சின்னியம்பாளையம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் அழுதாள். சத்தம் இல்லாமல் இல்லை, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதாள். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியவில்லை.

"உங்களுக்குக் கோவம்னு தெரியுமுங் மாமா. எனக்கு மட்டும் ஆசை இல்லீங்களா? மினிமம்ஸ்னு சத்தம் வந்துச்சு. தலையத் தூக்கறேன், வெள்ளையா இருக்குது. ரன்வே தெரியல, லைட்டு தெரியல. எனக்குக் கவின் மொகந்தானுங் மாமா தெரிஞ்சுது. மணவறைல தனியா நிக்கற மாதிரி. அப்பத்தான் பயந்துட்டேன். இவ்வளவு ஆசையோட பாத்தா இல்லாத லைட்டும் தெரியுமுங். கை தானாத் தூக்கிருச்சு."

நான் சொல்லியிருக்க வேண்டும். தொட்டி ஒன்றுதான், நான் பார்த்தது வேறு ஷெட் என்று அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. வெட்கம் விடவில்லை. "செரி, அழுவாத கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை ஓட்டினேன்.

மண்டபத்தில் சீர் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. பூஜிதா கூரைச்சேலையோடேயே ஓடிவந்தாள், "அக்கா, நான் வேணும்னே நிக்கலக்கா" என்று என்னவோ குற்றம் செய்துவிட்டதுபோலச் சொன்னாள். லோகு அவளைக் கட்டிக்கொண்டு, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டாள். கவின் வந்தான். "வந்துட்டியாக்கா" என்றான். அவன் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அக்கா பழனியாத்தாள் மட்டும் மகள் பக்கம் திரும்பாமல் சாம்பார் வாளியோடு இலை இலையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

பந்தியில் உட்கார்ந்திருந்த சுப்பாத்தாள் அத்தைதான் ஆரம்பித்தார். மச்சானின் சித்தி, வாய் நீளம். "ஒரே தம்பி. அவம் பக்கத்துல வந்து நிக்கறதுக்கு முடியல. அப்படி என்ன வேலையோ. அதான் கோபாலே போன்ல சொன்னாரே, ஷெட்டு டேங்கு எல்லாம் தெரிஞ்சும் எறங்கலையாமா. பயந்துக்கிட்டுத் தூக்கிருக்குது. ஆம்பளப் பைலட்டா இருந்தா எறக்கியிருப்பான்."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். என் குரலைப் பக்கத்து இலைக்காரர் போனிலிருந்து மறுபடி ஓடவிட்டார். "என்ற ரெண்டு கண்ணுல பாத்தேன்" என்று நானே எனக்குக் கேட்டேன். லோகு அங்கேதான் நின்றிருந்தாள். கையில் தொப்பியை வைத்து அதன் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

என் வாழ்க்கையில் நான் தப்பு என்று ஒத்துக்கொண்டது மிகவும் குறைவு. பந்தியில், இருநூறு பேர் முன்னால், அதுவும் மூன்றாவது இலையில் கிருபாசங்கர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருக்கும்போது என்றால் சொல்லவே வேண்டாம். எழுந்து நின்றேன்.

"ஏனுங்க அத்தை, எல்லாரும் கேட்டுக்கங்க. நான் பாத்தது என்ற ஷெட்டு இல்லீங்க. என்ற ஷெட்டுல இப்ப ஒரு டேங்குதான் இருக்குது. நான் பாத்தது கிருபாசங்கரு ஷெட்டு. அங்கிருந்து ரன்வேக்கு மூணு கிலோமீட்டரு. நடுவுல பள்ளிக்கூடம் இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது. நான் ஓட்டியிருந்தா அங்கதான் எறக்கியிருப்பேன்."

கிருபாசங்கர்தான் முதலில் சிரித்தான். "என்ற ஷெட்டு உங்களுக்கே உங்களுதாட்டத் தெரிஞ்சுதுங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று உட்காரப் போனேன்.

லோகு மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து, மெதுவாக, ஆனால் அக்காவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "எனக்கும் அந்த ஷெட்டு தெரிஞ்சுதுங் மாமா. ஓரக்கண்ணுல, ஒரு செகண்டு. நானும் உங்க ஷெட்டுன்னேதானுங் நெனச்சேன்."

அக்கா சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். மகளை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிட்டே வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள், கையில் சாம்பார் இருந்ததுகூடத் தெரியவில்லை. "பூஜிதா நின்னதே போதும் சாமி" என்றாள். "நீ வந்து சேந்தியே, அது போதும்." அப்புறம் புடவைத் தலைப்பால் அந்தக் கன்னத்தைத் துடைத்துவிட்டு, எனக்கும் அவளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டாள்.

மறுநாள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நாலு நாள் கழித்து அந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிடலாம் என்று பார்த்தேன். எல்லோருக்கும் அழிகிற நேரம் கடந்துவிட்டது என்றது போன். இன்னமும் குரூப்பில்தான் கிடக்கிறது, யாராவது ஒருவர் நல்ல நாள் பார்த்து ஓடவிடுகிறார்கள்.

போன வாரம் அதற்குக் கீழே லோகு ஒரு படம் போட்டிருந்தாள், மேப்பிலிருந்து எடுத்தது, மேலிருந்து பார்த்த மாதிரி. நீலாம்பூர்ப் பக்கம், கொஞ்சம் மங்கல். நடுவில் ஒரு நீலத் தகட்டு ஷெட். "ஏனுங் மாமா, இது யாருதுங்?" என்று கேட்டிருந்தாள். நூற்று எண்பது பேரும் என் பதிலுக்குக் காத்திருப்பது தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையதுதான் என்று அடித்துச் சொல்ல விரல் துடித்தது. பிறகு, "தெரியல அம்மணி" என்று பதில் போட்டேன்.